புரொப்பெலர் வாங்க முன்னர்: வன்னிக் கரையில் முதல் படகு இறக்குவோருக்கு

முதல் படகு வாங்கிய தம்பிமார் என்னிடம் வந்தால் இஞ்சினைப் பற்றித்தான் கேட்பார்கள். எத்தனை குதிரை வலு, யமஹாவா சுசுகியா, மண்ணெண்ணெய்யில் ஓடுமா, பழையது வாங்கலாமா. புரொப்பெலரைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. புது இஞ்சின் என்றால் பெட்டிக்குள் வந்தது. பழைய இஞ்சின் என்றால் முன்னைய சொந்தக்காரர் பூட்டியிருந்தது. அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் வருவார்கள்: “அண்ணை, இஞ்சின் நல்லாக் கத்துது, படகு போகுதில்லை.” அல்லது மறுவளமாக: “வெறும் படகில பறக்குது, வலையோட வரேக்க முக்குது.” இரண்டு முறைப்பாட்டையும் கேட்டு நான் முதலில் பார்ப்பது இஞ்சின் மூடியைக் கழற்றியல்ல, இஞ்சினின் காலுக்கு, அதாவது தண்ணீருக்குள் இறங்கும் அடிப்பகுதிக்கு, கீழே குனிந்துதான்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்குப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முன்னர் பொருந்தாத புரொப்பெலரோடு ஓடுவது ஒரு சின்னக் குறைபாடு. அதற்குப் பிறகு அது ஒவ்வொரு நாளும் காசைக் கடலில் கொட்டுகிற வேலை. 18 அடியிலிருந்து 23 அடி வரையான பைபர் படகும், 15 முதல் 40 குதிரை வலு வரையான வெளியிணைப்பு இயந்திரமும் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

உங்கள் கரை எது?

வன்னிக்கு இரண்டு கடல். கிழக்கே முல்லைத்தீவு, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய். மேற்கே நாச்சிக்குடா, விடத்தல்தீவு, அப்படியே மன்னார் வரை. ஒரே படகு, ஒரே இஞ்சின் என்றாலும் இரண்டு கரைக்கும் ஒரே புரொப்பெலர் சரிவராது.

கிழக்கில் படகை மணலிலிருந்து தள்ளி, அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டும். இரண்டு அலைக்கு நடுவில் கிடைக்கிற சில நொடிக்குள் படகு எழும்பி ஓடவில்லை என்றால் அடுத்த அலை அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, தூக்கி அடிக்கும். ஆகவே இங்கே வேண்டியது கெதியாக உந்தும் புரொப்பெலர். உச்ச வேகம் ஒன்றிரண்டு குறைந்தால் பரவாயில்லை. அதோடு, நந்திக்கடலும் நாயாறும் கடலோடு சேரும் முகங்கள் கோடையில் மணல் மூடிக் கிடந்து மழையில் உடைத்துக்கொள்ளும். போன மாதம் ஆழமாக இருந்த வாய்க்கால் இந்த மாதம் முழங்கால் அளவுதான். புரொப்பெலரின் இதழ்நுனி தேய்வது பெரும்பாலும் இங்கேதான்.

மேற்கில் கடல் அமைதி, ஆனால் வெகுதூரம் வரை ஆழமில்லை. சாதாளை என்கிற கடற்புல்லும் சேறும், நடுவில் களங்கண்ணி வலை கட்டும் தடிகளும். அலை தாண்டும் அவசரம் இல்லை. மெதுவாக, இஞ்சினைச் சற்றே உயர்த்தி ஓடுகிற ஓட்டம்தான் கூட. இங்கே புரொப்பெலரைக் கொல்வது பாறையோ மணலோ அல்ல. சுற்றிக்கொள்கிற சாதாளையும் நூலும். படகுகள் பெரும்பாலும் தண்ணீரிலேயே கட்டிக் கிடப்பதால் அரிப்பும் கூட.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மன்னார்ப் பக்கம் ஒரு மச்சான் நல்லது என்று சொன்ன புரொப்பெலரை முல்லைத்தீவில் வாங்கிப் பூட்டி, முதல் அலையிலேயே திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குடத்தில் இருக்கும் எண்கள்

இப்போது பூட்டியிருக்கும் புரொப்பெலரைக் கழுவி, நடுக்குடத்தையோ இதழின் அடியையோ பாருங்கள். 11 1/8 × 13 – ஜி என்பது போல ஒன்று பொறித்திருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச். இரண்டுமே அங்குலக் கணக்கு.

விட்டம் என்றால் இதழ்நுனிகள் சுற்றி வரும் வட்டத்தின் அகலம். அதில் குழப்பம் இல்லை. பிட்ச்தான் பலருக்குப் பிடிபடாது. ஒரு திருகாணியைப் பலகையில் முறுக்குங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு அது எவ்வளவு உள்ளே போகிறதோ, அதுதான் அதன் பிட்ச். 13 பிட்ச் புரொப்பெலர் பலகை போன்ற உறுதியான ஒன்றுக்குள் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 13 அங்குலம், அதாவது சுமார் 33 சென்ரிமீற்றர் முன்னே போகும். தண்ணீர் பலகை அல்ல, கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கலின் கணக்குக்குப் பிறகு வருவோம்.

சைக்கிள் ஓட்டியவர்களுக்கு வேறு விதமாகவும் சொல்லலாம். பிட்ச் கூடினால் பாரமான கியர்: சமதரையில் வேகம், மேட்டில் மூச்சு வாங்கும். பிட்ச் குறைந்தால் இலேசான கியர்: மேட்டில் ஏறும், சமதரையில் கால்கள் சும்மா சுற்றும்.

கடைசியில் வரும் எழுத்து யமஹாவின் குட வகை. ஜே என்பது 9.9 – 15 குதிரை வலு இஞ்சின்களின் தண்டுக்கு, எஃப் என்பது 20 – 30 அளவுக்கு, ஜி என்பது 40ஐச் சுற்றியுள்ளவற்றுக்கு. தண்டின் பற்களும் பருமனும் வேறு வேறு என்பதால் எழுத்து பிழைத்தால் பூட்டவே முடியாது. வேறு கம்பனி இஞ்சினுக்கு வேறு குறியீடு இருக்கும். சந்தேகம் என்றால் பழைய புரொப்பெலரையே கையில் கொண்டுபோங்கள். எண்ணை எழுதிக்கொண்டு போவதைவிட அது நல்லது. எங்கள் கையெழுத்தில் 11உம் 17உம் ஒன்றுதான்.

வாங்க முன்னர் அளக்க வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

சரியான புரொப்பெலர் என்பதற்கு ஒரே ஒரு சோதனைதான். உங்கள் வழமையான சுமையோடு, முழு அக்சிலேற்றரில், இஞ்சின் அதன் கைநூலில் சொன்ன சுற்று எண்ணிக்கையை எட்டுகிறதா? மண்ணெண்ணெய்யில் ஓடும் இரட்டை அடி (டூ ஸ்ட்ரோக்) இஞ்சின்கள் பலவற்றுக்கு இது நிமிடத்துக்கு 4500 – 5500 அளவில் இருக்கும். நாலடி (போர் ஸ்ட்ரோக்) இஞ்சின்களுக்குப் பொதுவாக 5000 – 6000. உங்களுடையதைக் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டவில்லை என்றால் பிட்ச் கூடிப்போச்சு. இஞ்சின் முக்கி முக்கிச் சுற்றுகிறது, கரி பிடிக்கிறது, சூடாகிறது, எண்ணெய் குடிக்கிறது. சத்தம் குறைவாக இருப்பதால் “நல்ல அமைதியான இஞ்சின்” என்று சொந்தக்காரர் பெருமைப்படுவார். இரண்டு வருடத்தில் பிஸ்டன் போய்விடும். தாண்டிப் போகிறது என்றால் பிட்ச் போதாது. கத்துகிறது, ஆனால் தண்ணீரைப் பிடிக்கவில்லை.

சுற்றைக் காதால் அளக்க முடியாது. இருபது வருடம் இஞ்சினோடு கிடந்த எனக்கே 400 சுற்றுவரை பிழைக்கிறது. பிளக் வயரில் ஒரு சின்னக் கம்பியைச் சுற்றி அளக்கும் டிஜிட்டல் டாக்கோமீற்றர்கள் கிடைக்கின்றன. ஒரு புரொப்பெலரின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை. நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். இரட்டை அடி இஞ்சினுக்கு ஒரு சுற்றுக்கு ஒரு பொறி என்ற அமைப்பில் வைக்க வேண்டும். பிழையாக வைத்தால் பாதி அல்லது இரட்டிப்பாகக் காட்டும்.

சோதனைக்குப் போகும் நாளில் சுமை உண்மையான சுமையாக இருக்கட்டும். இரண்டு மூன்று ஆட்கள், வலை, ஐஸ்பெட்டி, நிறைந்த எண்ணெய்க் கலன். மீனுக்குப் பதிலாக மணல் மூட்டை வைத்தாலும் சரி. இன்னொன்று, மண்ணெண்ணெய்யில் தொழில் செய்பவர் பெற்றோலில் சோதிக்கக் கூடாது. மண்ணெண்ணெய்யில் இஞ்சினின் வலு குறைவு. பெற்றோலில் எட்டிய சுற்றை அது எட்டாது. எதில் ஓடுவீர்களோ அதிலேயே அளவுங்கள். காற்றும் நீரோட்டமும் ஏமாற்றும் என்பதால் ஒரே கோட்டில் போயும் வந்தும் ஓடி, இரண்டின் சராசரியை எடுங்கள். கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ்ஸில் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு அங்குலம் பிட்ச் மாறினால் சுற்று 150 முதல் 200 வரை மறுதிசையில் மாறும் என்பது பொதுக் கணக்கு. உதாரணமாக, 40 குதிரை வலு இஞ்சின், 13 பிட்ச், சுமையோடு 4400 சுற்று. எல்லைக்குள்ளேயே வரவில்லை. 11 பிட்சுக்கு இறங்கினால் சுமார் 4800க்கு வரும். அதே படகு வெறுமையாக 5000 சுற்றியிருந்தால் இப்போது 5400 போகும், அதுவும் எல்லைக்குள்தான். ஆக 11 நல்ல தெரிவு. வெறும் படகை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் 13ஏ போதும் என்று விட்டிருப்போம். பிட்ச் குறைந்த புரொப்பெலர்களில் விட்டம் ஒரு துளி கூடுதலாக இருக்கும். அது அப்படித்தான் செய்யப்படுகிறது, பயப்படத் தேவையில்லை.

வழுக்கலையும் இப்போது பார்த்துவிடலாம். சுற்றை கியர் விகிதத்தால் (புரொப்பெலர் ஒரு முறை சுற்ற இஞ்சின் எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்) பிரித்து, பிட்சால் பெருக்கி, 1215ஆல் பிரித்தால் வழுக்கலே இல்லாத வேகம் நொட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) கணக்கில் வரும். கியர் விகிதம் 2 என்று வைத்துக்கொள்வோம். 4800ஐ இரண்டால் பிரிக்க 2400, அதை 11ஆல் பெருக்கி 1215ஆல் பிரிக்க 21.7 நொட். ஜிபிஎஸ் 17 நொட் காட்டினால் வழுக்கல் ஏறத்தாழ 22 வீதம். சுமையோடு ஓடும் மீன்பிடிப் படகுக்கு அது நியாயமானது. 40 வீதம் என்று வந்தால் பிட்சை விட்டுவிட்டு வேறு கோளாறு தேடுங்கள்.

அந்த வேறு கோளாறுகளில் பாதி புரொப்பெலரோடு சம்பந்தமில்லாதவை. அக்சிலேற்றர் கேபிள் இழுபட்டு முழுதாகத் திறக்காமல் இருக்கலாம். அடியில் சிப்பி பிடித்திருக்கலாம். பழைய பைபர் படகு என்றால் தளத்துக்குக் கீழே உள்ள பஞ்சு தண்ணீர் குடித்து, நீங்கள் அறியாமலே இரண்டு ஆள் பாரம் கூடியிருக்கலாம். இஞ்சினைப் பின்பலகையில் மிக உயரமாக மாட்டியிருந்தால் புரொப்பெலர் மேற்பரப்புக் காற்றை இழுத்து வெறுமையில் சுற்றும். காலில் படுக்கையாக இருக்கும் தகடு படகின் அடியோடு ஒரே மட்டத்தில், அல்லது ஒரு அங்குலம் கீழே இருக்க வேண்டும். குட்டைக்கால் இஞ்சினுக்குப் பின்பலகை 15 அங்குலம், நீளக்கால் இஞ்சினுக்கு 20. இந்த இரண்டையும் மாறிக் கட்டிய படகுகள் எங்கள் கரையில் இன்னமும் இருக்கின்றன. இலவசமாக வந்த இஞ்சினும் வேறெங்கோ வாங்கிய படகும் சேர்ந்தால் அப்படித்தான்.

உலோகமும் இதழும்

அலுமினியம் போதும். இதில் நான் பிடிவாதக்காரன். துருப்பிடிக்காத எஃகு புரொப்பெலர் மெல்லிய இதழோடு வேகமாக ஓடும், அழகாகவும் இருக்கும். ஆனால் மணல் திட்டிலோ மூழ்கிய தடியிலோ இடித்தால் அது வளையாது. அடியைக் கியருக்கு அனுப்பிவிடும். அலுமினிய இதழ் வளைந்து, உடைந்து, கியரைக் காப்பாற்றும். நாயாற்று முகத்தில் போய்வருகிறவர்கள் வருடத்துக்கு ஒரு புரொப்பெலரைப் பலி கொடுப்பது ஒரு கியர்ப்பெட்டியைக் கொடுப்பதைவிட மலிவு.

இதழ் மூன்றா நான்கா என்ற கேள்விக்கு, பாரம் ஏற்றித் தொழில் செய்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு மூன்று சரி. நான்கு இதழ் அலையில் நன்றாகப் பிடிக்கும், திருப்பத்தில் நழுவாது, உச்ச வேகத்தில் கொஞ்சம் குறையும். கிடைத்து, கையில் காசும் இருந்தால் கிழக்குக் கரையில் பரீட்சித்துப் பார்க்கலாம்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுப் பாய்க்கப்பல்களில் வேறு வகை ஒன்று பார்த்தேன். பாயில் ஓடும்போது புரொப்பெலரின் இதழ்கள் பின்பக்கம் மடிந்து, பூ மொட்டுப்போலக் கூம்பிக்கொள்ளும். காரணம் எளிது: இஞ்சின் நின்றாலும் நிலையான புரொப்பெலர் தண்ணீரில் இழுபட்டு வேகத்தைத் தின்னும். இன்னொரு வகையில் இதழ்கள் மடியாமல், ஓட்டத்துக்கு நேராகத் திரும்பிக்கொள்ளும். இஞ்சின் கப்பலுக்குள்ளே இருப்பதால் அவர்களுக்கு இந்தச் சாலங்கள் வேண்டியிருக்கிறது. 2022இல் எண்ணெய் இல்லாமல் வரிசையில் நின்ற நாட்களில் பழையபடி பாய் கட்டலாமா என்று வாடியில், கரையில் உள்ள எங்கள் கொட்டிலில், கதைத்தோம். கட்டினால் எங்களுக்கு மடியும் புரொப்பெலர் தேவையில்லை; இஞ்சினைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாலே போதும்.

கடையில் ஏமாறாமல்

நான் ஏமாந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஒரு பட்டினத்துக் கடையில் “ஒறிஜினல்” என்று மினுங்கும் பெட்டியோடு ஒன்று தந்தார்கள். மூன்றாம் வாரம் வலை ஏற்றிய படகோடு, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், இஞ்சின் மட்டும் கத்துகிறது, படகு நிற்கிறது. குடத்துக்குள் இருக்கும் றப்பர் புஷ் கழன்று சுற்றியிருந்தது. அன்று துடுப்புப் போட்டு வந்தோம்.

அந்த றப்பர் புஷ் ஒரு பாதுகாப்பு. இதழ் எதிலாவது இடித்தால் றப்பர் கொஞ்சம் வழுக்கி, கியரைக் காக்கும். மிகச் சிறிய இஞ்சின்களில் அதற்குப் பதிலாக முறியும் பின் ஒன்று இருக்கும். புஷ்ஷின் ஒட்டு கெட்டால் அது எந்நேரமும் வழுக்கும். புதிதோ பழையதோ, வாங்கியவுடன் குடத்தின் உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை ஒரு நேர்க்கோட்டை மாக்கரால் போடுங்கள். ஒரு முறை முழு வேகத்தில் ஓடி வந்து பாருங்கள். கோடு இரண்டு துண்டாகி விலகி நின்றால் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள்.

பழையது வாங்குவதானால் சமமான மேசையில் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு இதழின் ஒரே இடத்தையும் மேசையிலிருந்து அளவுகோலால் அளவுங்கள். மூன்று இதழும் ஒரே உயரம் காட்ட வேண்டும். பிட்ச் எண் அழிந்துபோயிருந்தாலும் இந்த வழியில் கண்டுபிடிக்கலாம். மேசையில் புரொப்பெலரின் நடுவிலிருந்து 30 பாகை இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, நடுவிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே இதழின் உயரத்தை இரண்டு கோட்டுக்கும் மேலே அளவுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 12ஆல் பெருக்கினால் பிட்ச். வித்தியாசம் 27 – 28 மில்லிமீற்றர் என்றால் 13 அங்குலம். இதழின் அடியில், குடத்தோடு சேரும் இடத்தில், நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டும் மயிர்க்கோடு அங்கே இருந்தால் விலை எவ்வளவு குறைவென்றாலும் வேண்டாம்.

பூட்டுவது

முதலில் நிறுத்தும் ஆளியின் கிளிப்பை எடுங்கள், பிளக் வயர்களைக் கழற்றுங்கள், கியரை நடுநிலையில் விடுங்கள். சூடான இஞ்சின் கையால் புரொப்பெலரைச் சுற்றினாலே ஒரு அடி பற்றக்கூடியது. அந்த ஒரு அடிக்கு விரல் போதாது.

இதழுக்கும் மேலே உள்ள தகட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்தால் நட் கழற்றும்போது புரொப்பெலர் சுற்றாது. நட் கழலாமல் தடுக்கும் கொட்டர் பின்னை நிமிர்த்தி இழுத்துவிட்டு நட்டைக் கழற்றுங்கள். வருகிற வாசர்களை வரும் ஒழுங்கிலேயே ஒரு துணியில் அடுக்குங்கள். ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. புரொப்பெலருக்கு முன்னால் தண்டில் இருக்கும் தடித்த வாசர் பல நேரம் கிரீஸோடு ஒட்டிக்கொண்டு பழைய குடத்தோடு போய்விடும். அது இல்லாமல் புதியதைப் பூட்டினால் குடம் கியர்ப்பெட்டியில் உரசித் தேய்க்கும். மறந்தவர்கள் நிறையப் பேர்.

தண்டைத் துடைத்து, தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸைப் பற்கள் முழுக்கப் பூசுங்கள். செம்புத் தூள் கலந்த கிரீஸ் வேண்டாம்; உப்புத் தண்ணீரில் செம்பு பக்கத்திலிருக்கும் அலுமினியத்தைத் தின்னும். வாசர், புரொப்பெலர், பின் வாசர், நட் என்று போட்டு, கைநூலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். நட்டின் வெட்டும் தண்டின் துளையும் நேரில் வராவிட்டால் இறுக்கும் பக்கமாகவே சிறிது திருப்புங்கள். தளர்த்தும் பக்கமாக அல்ல. கொட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கட்டும். ஆணியையோ கம்பியையோ வளைத்துப் போடும் பழக்கம் எங்களிடம் உண்டு. இரும்பு ஆணி மூன்று மாதத்தில் துருவாகிப் போகும். நட்டும் புரொப்பெலரும் அதன் பின்னால் போகும்.

நாளாந்தமும் மாதாந்தமும்

படகு கரையேறியதும் காலை நிமிர்த்தி, இதழ்களை ஒரு கை சுற்றிப் பாருங்கள். தட்டுகிறதா, நுனி வளைந்திருக்கிறதா, நூல் தெரிகிறதா. அரை நிமிட வேலை.

நூல்தான் பெரிய எதிரி. தடை செய்த தங்கூசி (ஒற்றை இழை நைலோன்) வலையும் கடலில்தான் கிடக்கிறது, இழுவைப் படகுகள் அறுத்துவிட்டுப் போன எங்கள் வலைத் துண்டுகளும் கடலில்தான் மிதக்கின்றன. தங்கூசி நூல் புரொப்பெலருக்கு முன்னால், தண்டைச் சுற்றி ஏறினால் வெளியில் ஒன்றும் தெரியாது. சுற்றும்போது சூடாகி, உருகி, கியர்ப்பெட்டிக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் சீல் வளையத்தை வெட்டும். பிறகு உப்புத் தண்ணீர் உள்ளே போகும். ஆகவே மாதத்துக்கு ஒரு முறையாவது புரொப்பெலரைக் கழற்றி, தண்டைப் பார்த்து, புது கிரீஸ் போட்டுப் பூட்டுங்கள். மேற்குக் கரையில் களங்கண்ணிக்கு நடுவில் ஓடுகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்தாலும் தப்பில்லை. கடலில் நூல் சுற்றினால் முன்னும் பின்னுமாகக் கியரைப் போட்டு அறுக்கப் பார்க்காதீர்கள், இன்னும் இறுகும். இஞ்சினை நிறுத்தி, கிளிப்பை எடுத்து, காலைத் தூக்கிக் கத்தியால் வெட்டுங்கள்.

கியர் ஒயிலை நூறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதற்கு முன்னரே சீல் நிலையை அறிய ஒரு வழி: இரவு முழுக்க இஞ்சின் செங்குத்தாக நின்ற பிறகு, காலையில் கீழ்த் திருகாணியை இலேசாகத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினால் அல்லது ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் சீல் போய்விட்டது. புது ஒயிலைக் கீழ்த் துளையால் ஏற்றி, மேல் துளையால் குமிழியில்லாமல் வழிந்த பிறகு மேலதை முதலில் மூடி, அப்புறம் கீழதை மூடுங்கள். மேலேயிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைபடும்.

இதழின் ஓரத்தில் சின்னப் பற்கள் விழுந்தால் அரத்தால் மெதுவாகச் சமப்படுத்தலாம். ஓரம் பழைய வளைவில் இருக்க வேண்டும். கத்திபோலத் தீட்டக் கூடாது. நுனி இலேசாக வளைந்திருந்தால் மரச்சுத்தியலால் ஒரு முறை நிமிர்த்தலாம். அதே இடம் இரண்டாவது முறை வளைந்தால் அலுமினியம் களைத்துவிட்டது, வெடிக்கும். துண்டு உடைந்துபோன இதழை ஒட்டித் தருவதாகச் சொல்லும் எல்லா வெல்டிங் கடையையும் நம்பாதீர்கள். உருவமும் பாரமும் பிழைத்த இதழ் தண்டை நடுங்க வைத்து, சீலையும் பெயாரிங்கையும் சேர்த்துக் கொண்டுபோகும். அரத்தால் வேலை செய்த பிறகு சமநிலையைப் பார்க்க, குடத்துக்குள் ஒரு நேரான தண்டை இறுக்கிக் கொடுத்து, இரண்டு விளிம்புகளில் கிடத்தி விடுங்கள். எந்த இதழ் எப்போதும் கீழே வந்து நிற்கிறதோ அதுதான் பாரம். அதன் பின்பக்கத்தில் கொஞ்சம் தேயுங்கள்.

காலில் பூட்டியிருக்கும் அனோட் துண்டு அரிபடுவதற்கென்றே வைத்தது. அது அரிபட்டால்தான் இதழும் காலும் தப்பும். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதற்குப் பெயின்ற் அடித்தால் அது வேலை செய்யாது. கடலில் துத்தநாக அனோட் சரி. நந்திக்கடல் போன்ற உவர்நீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுக்கு அலுமினிய அனோட் நல்லது. படகின் அடிக்குப் பூசும் செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ற் மிச்சமிருக்கிறதென்று அதைக் காலுக்கும் பூசாதீர்கள். ஒரு பருவத்துக்குள் அலுமினியம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும்.

இதழின் நடுவில் எதிலும் இடிக்காமலே சிறு சிறு குழிகள் தெரிந்தால் அது வேறு கதை. அழுத்தம் மிகக் குறைந்த இடத்தில் தண்ணீர் ஆவிக்குமிழாகி வெடித்து உலோகத்தைக் கொறிக்கிறது. பெரும்பாலும் முன் ஓரம் வளைந்த, அல்லது படகுக்குப் பொருந்தாத புரொப்பெலர் என்று அர்த்தம்.

வாடைக்காலத்தில்

நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றில் கிழக்குக் கரை பல நாட்கள் கடலுக்குப் போகாது. மேற்கில் இருப்பவர்களுக்குச் சோளகக் காலம் அப்படி. இஞ்சினை வாடி மூலையில் சாக்கால் மூடிவிட்டு மறந்துவிடாமல், ஒரு அரை நாளை ஒதுக்குங்கள். பீப்பாய்க்குள் நல்ல தண்ணீர் நிறைத்து, கியர் நடுநிலையில் பத்து நிமிடம் ஓட விடுங்கள். புரொப்பெலரைக் கழற்றிக் கழுவிக் காயவிட்டு, குடத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். தண்டுக்கு கிரீஸ் பூசுங்கள். கியர் ஒயிலைப் பருவம் தொடங்கும்போது அல்ல, முடியும்போதே மாற்றுங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் மூன்று மாதம் நின்று பெயாரிங்கைத் துருவாக்கிவிடும். காலைச் செங்குத்தாகவே நிறுத்துங்கள். தூக்கிச் சாய்த்து வைத்தால் மழைத் தண்ணீர் குடத்துக்குள் தேங்கும்.

புதிய புரொப்பெலர் வாங்கிய பிறகு பழையதை இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் தேய்ந்ததென்றாலும் அதுதான் உங்கள் அவசரப் புரொப்பெலர். அதையும், நட்டுக்குப் பொருந்தும் ஸ்பனர், மரக்கட்டை, குறடு, கத்தி, ஒரு மேலதிக நட், முன்வாசர் ஆகியவற்றையும் மூடியுள்ள ஒரு வாளியில் போட்டு, கடையாரில், அதாவது படகின் பின்பக்கத்தில், கட்டி வையுங்கள். ஸ்பனருக்கு ஒரு கயிறு கட்டி மறுமுனையைப் படகில் முடியுங்கள். கொட்டர் பின்னை மட்டும் ஐந்தாறு வையுங்கள். ஆடுகிற படகில் குனிந்து பூட்டும்போது முதலாவது பின் எப்படியும் கடலுக்குத்தான்.